எந்தப் பிரதி நல்ல பிரதி?

பழைய திரைப்படம் ஒன்றின் குறுந்தகட்டை விலை கொடுத்து வாங்கும்போது நாம் வாங்குவது படத்தையா, படத்தின் ஒரு பிரதியையா? இக்கேள்வி சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஒரு நாவலை மலிவுப் பதிப்பில் படித்தாலும் சிறப்புப் பதிப்பில் படித்தாலும் கதை ஒன்றுதான். திரைப்படம் அவ்வாறன்று. ஒளியும் நிழலும் ஒலியுமே அதன் உடல். பிரதி மங்கினால் படமும் மங்கிவிடுகிறது. நடிகரின் கண்ணசைவும், மூடுபனிக்குள் நகரும் உருவமும், தாழ்ந்த குரலில் சொல்லப்படும் ஒரு சொல்லும் பார்ப்பவரைச் சென்றடைவதில்லை.

துப்பறியும் படங்களில் இந்த இழப்பு இன்னும் பெரிது. குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் தடயம் திரையின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாவிட்டால், இறுதியில் துப்பறிவாளர் தரும் விளக்கம் அறிவின் வெற்றியாகத் தோன்றாது. மாயவித்தை போலத் தோன்றும்.

எனவேதான், பழைய குற்றப் படங்கள் வீட்டில் பார்ப்பதற்கான தகடுகளாக வெளிவரும்போது, அவற்றை வாங்கிப் பார்த்தவர்கள் சொல்லும் கருத்துகளை நான் அக்கறையுடன் படிப்பதுண்டு. அவை வெறும் பொழுதுபோக்குப் பேச்சல்ல. சந்தை தானாகத் தரத் தவறும் ஒரு தகவலை அவை தருகின்றன. இதை விளக்குவதற்கு ஹாலிவுட்டின் ஷெர்லாக் ஹோம்ஸ் படவரிசை பொருத்தமான எடுத்துக்காட்டு.

ஆர்தர் கோனன் டாயில் படைத்த ஹோம்ஸ், ஆரணி குப்புசாமி முதலியாரின் தழுவல்கள் வழியே கடந்த நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானவர். திரையில் அவருக்கு நிலைத்த முகத்தைத் தந்தவர்களுள் முதன்மையானவர் பேசில் ராத்போன். 1939 முதல் 1946 வரை 14 படங்களில் அவர் ஹோம்ஸாகவும், நைஜல் புரூஸ் மருத்துவர் வாட்சனாகவும் நடித்தனர். முதல் இரண்டு படங்களை 1939-இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் தயாரித்தது. அவற்றின் கதை விக்டோரியா அரசியின் காலத்தில் நிகழ்வது. எஞ்சிய 12 படங்களை 1942 முதல் யுனிவர்சல் நிறுவனம் தயாரித்தது. அந்த 12-இல் முதல் படம் நீங்கலாக 11 படங்களையும் இயக்கியவர் ராய் வில்லியம் நீல்.

யுனிவர்சல் படங்கள் சிக்கனமானவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குதிரை வண்டிக் காலத்து ஹோம்ஸை அந்நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க்கால லண்டனுக்குக் கொண்டுவந்தது. முதல் மூன்று படங்களில் அவர் நாஜி ஒற்றர்களுடன் மோதுகிறார். செலவு குறைவு என்பதால் அரங்க அமைப்பின் எளிமையை நிழலும் பனியும் கொண்டு மறைத்தார்கள். அந்த நிழலும் பனியுமே பின்னர் இப்படங்களின் அழகாகக் கருதப்பட்டன. ரசிகர்கள் பலர் இவ்வரிசையின் சிறந்த படமாகச் சொல்லும் 'தி ஸ்கார்லெட் க்ளா' (1944) கனடா நாட்டுச் சிற்றூர் ஒன்றின் சதுப்பு நிலத்தில் நிகழ்வது. நல்ல பிரதியில் அதன் மூடுபனி ஒரு பாத்திரம் போலவே இயங்கும். கெட்ட பிரதியில் அது சாம்பல் பூசிய சுவராகிவிடும்.

இவ்வரிசைக்கு நேர்ந்த சிக்கல் சட்டத்தின் வழியே வந்தது. அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்புக்கு முதலில் 28 ஆண்டுக்காலப் பாதுகாப்பு கிடைக்கும். அந்த 28-ஆம் ஆண்டில் உரிமையாளர் விண்ணப்பித்துப் புதுப்பித்தால்தான் பாதுகாப்பு தொடரும். புதுப்பிக்க மறந்தால் படைப்பு எல்லோருக்கும் பொதுவாகிவிடும். 1940-களில் வந்த படங்களுக்கு 1970-களின் முற்பகுதியில் இந்தத் தவணை வந்தது. திரையரங்குகளில் ஓடி முடிந்து, கைமாறி, தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டுவிட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்காக விண்ணப்பம் எழுத அன்று பலருக்கு அக்கறை இருக்கவில்லை. விளைவாக, இவ்வரிசையின் நான்கு படங்கள் பொதுவுரிமைக்கு வந்தன. 'ஷெர்லாக் ஹோம்ஸ் அண்ட் தி சீக்ரெட் வெப்பன்', 'தி உமன் இன் க்ரீன்', 'டெரர் பை நைட்', 'ட்ரெஸ்ட் டு கில்' ஆகியவை அவை.

பொதுவுரிமை நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். யாரும் யாரிடமும் அனுமதி பெறாமல் படத்தைப் பரப்பலாம். ஏழை மாணவரும் பார்க்கலாம். ஆனால், படத்தைப் பரப்பும் உரிமை எல்லோருக்கும் வந்ததே தவிர, படத்தைப் பராமரிக்கும் பொறுப்பு எவருக்கும் வரவில்லை. தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட, தேய்ந்த, பல தலைமுறை நகலான சுருள் ஒன்று கையில் கிடைத்தால் போதும். அதிலிருந்து வீடியோ நாடாவும், பின்னர் டிவிடியும் தயாரித்து மிக மலிவாக விற்க முடிந்தது. இந்த நான்கு படங்களில் சிலவற்றுக்குக் கணினி வழியே வண்ணமும் ஏற்றப்பட்டது. உறை மட்டும் எல்லாவற்றிலும் பளபளத்தது.

இங்குதான் பொருளியல் உதவிக்கு வருகிறது. 1970-இல் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் மறுத்த பிறகு நான்காவது இதழில் வெளியான கட்டுரை அது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடிப்படையாக அமைந்தது. பழைய கார்ச் சந்தையை அவர் எடுத்துக்கொண்டார். எந்தக் கார் பழுதானது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் ஒரு சராசரி விலையையே தர முன்வருகிறார். அந்த விலை நல்ல காரின் உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாததால் அவர் சந்தையை விட்டு விலகுகிறார். நல்லவை விலக விலகச் சந்தையின் சராசரித் தரம் இறங்குகிறது. விலை மேலும் சரிகிறது. கெட்ட சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடுகிறது.

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் தகவல் சமச்சீரின்மை என்ற இக்கோட்பாட்டை விளக்கப் பழைய காரைத்தான் நானும் சொல்லி வந்தேன். இன்று வகுப்பெடுக்க நேர்ந்தால் இந்த ஹோம்ஸ் தகடுகளைச் சொல்வேன். ஏனெனில், காரைவிட இவை சிக்கலான சரக்கு.

பொருள்களின் தரத்தை நுகர்வோர் எப்போது அறிகிறார் என்பதைக் கொண்டு பொருளியலார் அவற்றை மூன்றாகப் பிரிப்பதுண்டு. வாங்குமுன்பே பார்த்து அறியத்தக்கவை முதல் வகை. துணியின் நிறம் போல. வாங்கிப் பயன்படுத்திய பின்பே அறியத்தக்கவை இரண்டாம் வகை. உணவின் சுவை போல. இந்தப் பாகுபாட்டை 1970-இல் பிலிப் நெல்சன் முன்வைத்தார். பயன்படுத்திய பின்பும் அறிய இயலாதவை மூன்றாம் வகை; மருத்துவர் செய்த சிகிச்சை உண்மையில் தேவைதானா என்பதை நோயாளி அறிய முடியாதது போல. இதனை 1973-இல் டார்பியும் கார்னியும் சேர்த்தனர்.

பழைய படத்தின் தகடு இரண்டாம் வகை என்றே முதலில் தோன்றும். பார்த்துவிட்டால் தெரிந்துவிடாதா? தெரியாது என்பதே என் கருத்து. மங்கிய பிரதியைப் பார்த்தவர், பிரதி கெட்டது என்று எண்ணுவதில்லை. அந்தக் காலத்துப் படம் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறார். ஒலி கரகரத்தால் அன்றைய ஒலிப்பதிவின் குறை என்று கருதுகிறார். ஒளிப்பதிவாளர் கவனமாக அமைத்த நிழலை, வெளிச்சம் போதாமை என்று கொள்கிறார். இதைவிட நல்ல பிரதி ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாத நிலையில், தான் ஏமாற்றப்பட்டதும் அவருக்குத் தெரியாது. பழி விற்றவர் மீது விழுவதில்லை. படத்தின் மீதும், அதை எடுத்தவர்கள் மீதும் விழுகிறது. ராய் வில்லியம் நீல் 1946-லேயே இறந்துவிட்டார். தன் படம் அப்படி எடுக்கப்படவில்லை என்று சொல்ல அவர் வர முடியாது.

இன்னொரு திரிபும் உண்டு. மலிவாக எங்கும் கிடைத்தவை பொதுவுரிமைக்கு வந்த நான்கு படங்கள்தாம். எனவே 14 படங்கள் கொண்ட வரிசையைப் பலர் அந்த நான்கைக் கொண்டே, அதுவும் அவற்றின் மோசமான பிரதிகளைக் கொண்டே, மதிப்பிட்டார்கள். 'தி ஸ்கார்லெட் க்ளா' அந்த நான்கில் இல்லை. ஒரு படைப்பின் புகழ் அதன் தகுதியால் மட்டுமல்லாமல், அது கைக்குக் கிடைக்கும் விதத்தாலும் அமைகிறது.

இந்தச் சுழலிலிருந்து யுனிவர்சல் படங்கள் மீண்டது சந்தையின் ஆற்றலால் அன்று. லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் திரைப்பட, தொலைக்காட்சி ஆவணக் காப்பகம் அந்த 12 படங்களையும் 35 மில்லிமீட்டர் சுருளில் மீட்டெடுத்தது. 1950-களின் தொடக்கம் வரை திரைப்படத் தொழிலில் புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பாதுகாத்து வைத்தாலும் நாளடைவில் சிதையும். எஞ்சிய பகுதிகளைத் தேடி, ஒப்பிட்டு, நல்லதைத் தேர்ந்து இணைப்பதற்குப் பல ஆண்டு உழைப்பும் பெரும்பணமும் வேண்டும். அப்பணியின் செலவுக்கு உதவியவர்களுள் ஒருவர் பிளேபாய் இதழின் நிறுவனரும் ஹோம்ஸ் ரசிகருமான ஹியூ ஹெஃப்னர்.

புரவலர் ஏன் தேவைப்பட்டார்? மீட்டெடுப்புக்கு ஆகும் முதல் செலவு மிகப் பெரிது. மீட்டெடுத்ததை நகலெடுக்கும் செலவோ மிகச் சிறிது. பொதுவுரிமைப் படத்தின் பழைய நகலைப் பக்கத்துக் கடையில் இன்னொருவர் அற்ப விலைக்கு விற்பதைத் தடுக்கவும் முடியாது. இத்தகைய தொழிலில் லாபம் தேடும் எவரும் துணிந்து முதலீடு செய்வது கடினம். கல்வி நிறுவனமும் கொடையாளரும் சேர்ந்துதான் இந்த இடைவெளியை நிரப்ப முடிந்தது.

மீட்டெடுத்த படங்கள் 2003-ஆம் ஆண்டு முதல் டிவிடித் தொகுப்புகளாக வெளிவந்தன. 2011-இல் ஃபாக்ஸ் படங்கள் இரண்டையும் சேர்த்து 14 படங்களும் ஒரே ப்ளூ-ரே தொகுப்பாக வந்தன. சந்தையில் இப்போது இரண்டு சரக்குகள் அருகருகே இருந்தன. ஒன்று மலிவு, மங்கல். மற்றது விலை கூடியது, தெளிவானது. உறையைப் பார்த்து வேறுபாட்டை அறிய முடியாது. படப் பெயரும் நடிகர் பெயரும் இரண்டிலும் ஒன்றே. வேறுபாட்டைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டையும் பார்த்தவர்கள் மட்டுமே. முன்பு வைத்திருந்த மலிவுத் தகட்டையும் புதிய தொகுப்பையும் ஒப்பிட்டு ஒரு பார்வையாளர் நான்கு வரி எழுதினால், மூன்றாம் வகைச் சரக்கு அடுத்தவருக்கு முதல் வகைச் சரக்காகிவிடுகிறது. வாங்குமுன்பே தரம் தெரிந்துவிடுகிறது. ஆக்கர்லாஃபின் சுழலை உடைக்கும் வழிகளில் இது எளிமையானது.

ஆனால், எல்லாக் கருத்துகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. இத்தகைய படத்தொகுப்பு பற்றிய கருத்துகளைப் படிக்கும்போது சிலவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, படத்தைப் பற்றிய கருத்து வேறு. பிரதியைப் பற்றிய கருத்து வேறு. நைஜல் புரூஸ் வாட்சனைத் தடுமாறும் கிழவராக ஆக்கிவிட்டார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் குறை. கோனன் டாயிலின் வாட்சன் ஆப்கானிஸ்தான் போர்க்களம் கண்ட மருத்துவர், அறிவிலி அல்லர். எனவே இக்குறையில் நியாயம் உண்டு. விக்டோரியா காலத்து ஹோம்ஸை நாஜிகளுடன் மோதவிட்டது பொருந்தவில்லை என்பதும் ஏற்கத்தக்க விமர்சனமே. ஆயினும் இவை தயாரிப்பாளரும் நடிகரும் 80 ஆண்டுகளுக்கு முன் செய்தவை. அதற்காக மீட்டெடுப்புக்கு மதிப்பெண் குறைப்பது, சமையல் பிடிக்காததற்குத் தட்டைக் குறை சொல்வது போன்றது.

இரண்டாவது, குறைபோலத் தோன்றும் சில, குறைகள் அல்ல. இப்படங்களின் சட்டகம் ஏறத்தாழச் சதுரமானது. அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் இருபுறமும் கறுப்புப் பட்டை விழுவது இதனால்தான். திரை முழுவதும் நிரம்பினால்தான் ஐயப்பட வேண்டும். அப்போது படத்தின் மேலும் கீழும் வெட்டப்பட்டிருக்கும், அல்லது முகங்கள் இழுக்கப்பட்டிருக்கும். அவ்வாறே, தெளிவான தகடுகளில் பொடி தூவியதுபோல் தெரியும் நுண்துகள் படச்சுருளின் இயல்பு. அதைக் கணினியால் முற்றிலும் துடைத்தால் துகளுடன் சேர்ந்து நுட்பமும் போய், முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும். பட்டையும் துகளும் இருப்பதாகக் குறைகூறும் கருத்து, அறியாமலேயே அத்தகடுக்கு நற்சான்று வழங்குகிறது.

மூன்றாவது, எழுத முன்வருபவர்கள் யார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மிகவும் மகிழ்ந்தவர்களும் மிகவும் சினந்தவர்களுமே பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஓரளவு நிறைவடைந்தவர் பேசாமல் இருந்துவிடுகிறார். ஆகவே நட்சத்திரங்களின் சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது, ஊரில் உரக்கப் பேசுபவர்களை மட்டும் கேட்டு ஊர்க் கருத்தை அறிவது போலாகும். சராசரியைவிடக் காரணங்களே முக்கியம்.

நான்காவது, தொகுப்பின் விலை பற்றிய மனக்குறை. எனக்கு இரண்டு படங்கள்தாம் வேண்டும், ஏன் 14-ஐயும் வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. திரைப்படங்களைக் கட்டாக விற்கும் வழக்கத்தை ஆராய்ந்து ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963-இல் ஒரு விளக்கம் தந்தார். ஒருவர் முதல் படத்துக்கு 80 ரூபாயும் இரண்டாம் படத்துக்கு 30 ரூபாயும் தரச் சம்மதிப்பவர். மற்றவர் முதல் படத்துக்கு 40, இரண்டாம் படத்துக்கு 70 தரச் சம்மதிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் தனித்தனியே விற்பதானால் முதல் படத்துக்கு 40-க்கு மேலும், இரண்டாம் படத்துக்கு 30-க்கு மேலும் விலை வைக்க முடியாது. மொத்த வரவு 140. கட்டாக 110 ரூபாய்க்கு விற்றால் இருவரும் வாங்குவர், வரவு 220. புகழ்பெற்ற படத்துக்காக வருபவரும் அரிய படத்துக்காக வருபவரும் சேர்ந்து தொகுப்பைத் தாங்குகிறார்கள். இதில் விற்பவருக்கு ஆதாயம் என்பது மெய். அதிகம் பேசப்படாத படங்களும் நல்ல பிரதியில் வெளிவர இந்த ஏற்பாடு வழிசெய்கிறது என்பதும் மெய்.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஒரே படப் பெயரின் கீழ், வெவ்வேறு பதிப்புகளைப் பற்றிய கருத்துகள் ஒன்றாகக் கலந்துவிடுவதுண்டு. மலிவுத் தகட்டைச் சபித்தவரின் ஒற்றை நட்சத்திரமும், மீட்டெடுத்த தொகுப்பைப் பாராட்டியவரின் ஐந்து நட்சத்திரமும் கூட்டிச் சராசரியாகின்றன. வாங்குபவர் முன் மீண்டும் ஒரு மங்கலான நடுத்தர மதிப்பெண் வந்து நிற்கிறது. ஆக்கர்லாஃபின் கார்ச் சந்தையில் வாங்குபவர் கண்டதும் இதைத்தான். கருத்துகள் பெருகினால் மட்டும் போதாது. எந்தப் பதிப்பு என்று சொல்லாத கருத்து தகவலைக் கூட்டுவதில்லை, குழப்பத்தைக் கூட்டுகிறது. பாராட்டு நல்ல பிரதியைச் சேராமல் கெட்ட பிரதிக்கும் பங்கிடப்பட்டால், அடுத்த மீட்டெடுப்புக்குப் பணம் போட நினைப்பவருக்குச் சந்தை தரும் செய்தியும் தவறானதாகிவிடும்.

பார்வையாளர் கருத்து என்பது பொருளியல் மொழியில் ஒரு பொதுப்பொருள். ஒருவர் எழுதியதை ஆயிரம் பேர் படித்தாலும் அது குறைவதில்லை. படிப்பவரிடம் கட்டணம் கேட்கவும் முடிவதில்லை. இத்தகைய பொருளை உருவாக்க எவருக்கும் தன்னல ஊக்கம் குறைவு. மற்றவர் எழுதட்டும், நான் படித்துக்கொள்கிறேன் என்று எல்லோரும் இருந்துவிடலாம். இருந்தும் சிலர் நேரம் செலவிட்டு, இரண்டு தகடுகளை ஒப்பிட்டு, முகம் தெரியாதவர்களுக்காக எழுதிவைக்கிறார்கள். ஹெஃப்னரின் கொடையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. எனினும் இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

அத்தகையோர் நான்கு செய்திகளைத் தவறாமல் குறிப்பிட்டால் அவர்கள் உழைப்பு பன்மடங்கு பயன்தரும். எந்த நிறுவனம் எந்த ஆண்டில் வெளியிட்ட பதிப்பு. எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டதாக உறை சொல்கிறது. முன்பு பார்த்த எந்தப் பிரதியுடன் ஒப்பிடுகிறார். எந்தக் காட்சியில் வேறுபாட்டைக் கண்டார். படம் பிடித்ததா இல்லையா என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம். வாங்குபவர்களும் நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் இந்த நான்கையும் தேட வேண்டும்.

பேசில் ராத்போன் 1967-இல் மறைந்தார். நைஜல் புரூஸ் 1953-லேயே மறைந்துவிட்டார். அவர்களுடைய உழைப்பு இன்று எஞ்சியிருப்பது சில சுருள்களிலும், அவற்றிலிருந்து எடுத்த பிரதிகளிலும் மட்டுமே. அந்தப் பிரதிகளில் நல்லது எது என்று அடையாளம் காட்டும் பொறுப்பில் பெரும்பங்கு, காசு கொடுத்து வாங்கிப் பார்க்கும் பார்வையாளரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை அவர்கள் கவனமாகச் செய்தால், நல்ல பிரதி சந்தையில் நிலைக்கும். அடுத்த தலைமுறை அந்த மூடுபனியை மூடுபனியாகவே காணும்.